துண்டுக்குள் சொன்ன மந்திரம்

ராக்கப்பனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. வயிற்றுக்குள் ஒரு மந்திரத்தை வைத்துக்கொண்டு அலைகிறவன் யாரைத்தான் நம்புவான்? ராஜபாளையத்திலும், தெற்கே சேத்தூர் வரைக்கும் யாரைப் பாம்பு தீண்டினாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். போட்டது போட்டபடி கிளம்பிப் போவான். கடிவாய்க்கு மேலே கட்டுப் போட்டு, கையில் வேப்பங்குலையை எடுத்து, தோளில் கிடக்கும் துண்டை மூக்குவரை இழுத்து வாயை மூடிக்கொள்வான். துண்டுக்குள்ளே உதடு அசைவது மட்டும் தெரியும். என்ன சொல்கிறான் என்பது துண்டுக்கும் அவனுக்கும்தான் வெளிச்சம்.

உதட்டு அசைவைப் பார்த்தே மந்திரத்தைக் களவாண்டு போகிற ஆட்கள் உண்டு என்பது அவன் கட்சி. செட்டியார்பட்டியில் ஒருத்தன் அப்படித்தான் தொழில் கற்றான் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்ற பயத்தில் படுக்கும்போதும் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் படுப்பான். பெண்டாட்டி சண்முகத்தாய் கல்யாணமான புதிதில் சிரித்தாள், பிறகு எரிச்சல்பட்டாள், கடைசியில் விட்டுவிட்டாள்.

"ஒங்க மந்திரத்தை நான் களவாங்கி என்னத்தப் பண்ணப் போறேன்? எனக்குக் கொழம்பு வைக்கவே பொழுது பத்தல," என்பாள்.

"ஒன்னயச் சொல்லல. செவுத்துக்கும் காது இருக்கும்லா," என்பான். அவளையும் சேர்த்துத்தான் சொன்னான் என்பது அவளுக்குத் தெரியும்.

மந்திரம் அவனுக்கு வந்தது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். ஒரு கார்த்திகை மாதத்தில் பொழுது விடிந்த கொஞ்ச நேரத்துக்குள்ளேயே திரும்ப இருட்டிக்கொண்டு வந்த கிரகணம் அது. அய்யனார் கோயில் ஆற்றில், கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்தி, தனுஷ்கோடி என்கிற கிழவர் அவன் காதில் ஓதினார். கிரகணம் பிடித்திருக்கும்போது, தண்ணீருக்குள் நின்று, ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குத்தான் மந்திரம் போகலாம். மற்ற நாளில் இன்னொரு காதில் விழுந்தால் மந்திரம் செத்தது. சொன்னவனுக்கும் பலிக்காது, கேட்டவனுக்கும் பலிக்காது. இதுதான் கட்டுப்பாடு.

"அர்த்தம் என்ன மாமா?" என்று அப்போதே ராக்கப்பன் கேட்டான்.

"அர்த்தம் கேட்டவன் எவனும் வெளங்குனதில்ல. மூடிக்கிட்டு முங்குலே," என்றார் தனுஷ்கோடி. அவனும் முங்கினான். அவர் அடுத்த ஆடியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அர்த்தம் அவருக்கே தெரியாமல்தான் இருந்திருக்கும் என்ற சந்தேகம் ராக்கப்பனுக்கு உண்டு. அதை அவன் வெளியே சொன்னதில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். போன ஐப்பசியில்தான் எல்லாம் தலைகீழானது. மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, விறகு எடுக்கப்போன ஒன்பது வயசுப் பிள்ளை மாடத்தியைப் பாம்பு தீண்டிவிட்டது. அடுத்த தெருத் தவசிமுத்துவின் மகள். ஒரே மகள். ராக்கப்பன் ஓடினான். கட்டுப் போட்டான், குலை அடித்தான், துண்டை இழுத்துவிட்டு மந்திரத்தை நூற்றெட்டுத் தடவை சொன்னான். பிள்ளை மிரண்ட கண்ணோடு அவனையும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கிடந்து, மத்தியானத்துக்குள் போய்விட்டது.

பிழைக்காதவர்கள் முன்பும் உண்டு. "விதி முடிஞ்சு போச்சு" என்று ஊர் சொல்லும். ராக்கப்பனும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். இந்தத் தடவை தவசிமுத்து அப்படி விடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நடுத்தெருவில் நின்று கேட்டுவிட்டான்.

"துண்டுக்குள்ள இவன் என்னத்தைச் சொன்னான்னு யாருக்காச்சும் தெரியுமாய்யா? வெசத்தை எறக்குற மந்திரமா, ஏத்துற மந்திரமா? ஆடியில வரப்புச் சண்டையில எங்கிட்டத் தோத்தவன்தான இவன்?"

வரப்புச் சண்டை நடந்தது நிஜம். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் புஞ்சை. ஒரு முழ மண்ணுக்காக நாக்கூசும்படி ஏசிக்கொண்டதும் நிஜம்.

"சாமி சத்தியமா எறக்குற மந்திரந்தான்," என்றான் ராக்கப்பன்.

"அப்போ அர்த்தத்தைச் சொல்லு."

ராக்கப்பன் என்ன சொல்வான்? அர்த்தம் தெரிந்தால்தானே சொல்லுவதற்கு! தெரியாது என்றால் இருபத்தாறு வருஷத்து மானம் போகும். சொல்ல மாட்டேன் என்றால் பழி நிலைக்கும். இரண்டையும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து ஊர் அவனைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. அவன் நடந்து போனால் பெண்கள் பிள்ளைகளைச் சேலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவனுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. ராத்திரியும் பகலும் அரித்தது வேறொன்று. தனுஷ்கோடி கிழவர் நல்லவர்தானா? ஏற்றுகிற மந்திரத்தை இறக்குகிற மந்திரம் என்று தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தால்? பிழைத்தவர்கள் எல்லாம் தன் மந்திரத்தையும் மீறிப் பிழைத்தவர்களா? அந்தப் பிள்ளையைக் கொன்றது பாம்பா, தானா? இது தெரியாமல் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

தை அமாவாசை அன்றைக்குச் சூரிய கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. சனிக்கிழமை, உச்சி சாய்ந்து பிடிக்கிறது. மந்திரத்தை இன்னொரு காதில் போட்டு அர்த்தம் கேட்கலாம் என்றால் இந்த ஒரு வேளைதான். இதை விட்டால் அடுத்தது எப்போதோ. ஆனால் யார் காதில் போடுவது?

மதார் சாகிப்பிடம்தான் கேட்டான். துணி வியாபாரி. வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி கட்டுகிறவர். ராக்கப்பன் முழு விஷயத்தையும் சொல்லவில்லை. சம்ஸ்கிருதம் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டான். சாகிப்புக்கா புரியாது?

"மாடவீதியில சடகோபய்யங்கார்னு ஒருத்தர். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் குடுக்காரு. கேட்டதுக்குப் பதில் சொல்லுவாரு. கோவிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு, ஆனாச் சொல்லுவாரு. சனிக்கெழம என் வண்டியிலயே வாங்க."

இந்த ஆளுக்கு எதற்கு இத்தனை அக்கறை என்று ராக்கப்பன் யோசித்தான். வண்டியில் ஏழு மைலும் துண்டை வாயை விட்டு எடுக்கவில்லை.

சடகோபய்யங்கார் வீட்டு வாசலில் அவனை மேலும் கீழும் பார்த்தார். எலும்பும் தோலுமான மனுஷர். குரல் மட்டும் கோயில் மணி.

"பாம்பு மந்திரம் போடறவன்ங்கற. கிரகணத்துல எம்பக்கத்துல வந்து நிக்கணுங்கற. நான் என்னன்னு நினைக்கறது? யார் பாவத்தையாவது எந்தலையில எறக்கிட்டுப் போக வந்திருக்கியோ?"

"இல்ல சாமி. நீங்க மட்டும் என் மந்திரத்தைக் களவாங்காம இருந்தாப் போதும்."

"உன் பாம்பு மந்திரத்தை வச்சுண்டு நான் பல்லக்கு ஏறப் போறேனாக்கும்!" என்று சீறினார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. நான்கு முழம் தள்ளி நிற்க வேண்டும், தன்னைத் தொடக்கூடாது, ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லக்கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டார். ராக்கப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: கேட்டதை அன்றோடு மறந்துவிட வேண்டும். அவர் அதற்குச் சிரித்தாரா முறைத்தாரா என்று அவனுக்குப் புலப்படவில்லை.

திருமுக்குளத்தில் தலைகளாகவே தெரிந்தது. கிரகண முழுக்குக்கு ஊரே இறங்கியிருந்தது. வெயில் மங்கி, மத்தியானம் சாயங்காலம் போல ஆனது. கூட்டத்தை விட்டு விலகி ஒரு மூலையில், கழுத்தளவுத் தண்ணீரில், ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு பேர் நான்கு முழ இடைவெளியில் நின்றார்கள். தண்ணீரில் துண்டு கிடையாது. ராக்கப்பன் உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டான். முதலில் ஆளைச் சோதித்துப் பார்ப்போம் என்று கேட்டான்.

"மந்திரம்னா என்ன சாமி?"

"இது தெரியாமலா இத்தனை வருஷம் பண்ணிண்டிருக்க? பாத்திரம் தெரியுமோல்லியோ? 'பா'ன்னா குடிக்கறது, பாத்திரம்னா குடிக்கறதுக்கு ஒரு கருவி. மந்திரம்னா நினைக்கறதுக்கு ஒரு கருவி. மனசு இருக்கே, அதுலேர்ந்து வந்த சொல். எங்க பெரியவா இன்னொண்ணும் சொல்லுவா. யார் மனசுல வச்சு மறுபடி மறுபடி நினைக்கறானோ, அவனைக் காப்பாத்தறது எதுவோ அது மந்திரம்."

"யாரைக் காப்பாத்தும்?"

"நினைக்கறவனை."

ராக்கப்பனுக்கு அந்தப் பதில் எங்கேயோ இடறியது. யோசிக்க நேரமில்லை. மேலே சூரியனின் ஒரு ஓரத்தில் கிரகணம் விடத் தொடங்கியிருந்தது. அய்யங்கார் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தார்.

"சொல்றதானாச் சொல்லு. இல்லேன்னா நான் கரையேறறேன். குளிர் எலும்புக்குள்ள போறது."

சொன்னான். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் மந்திரம் காற்றில் வெளியே வந்தது. அய்யங்கார் திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னார். களவாங்குகிறான் பாவி, மனப்பாடம் பண்ணுகிறான் என்று ராக்கப்பன் உள்ளுக்குள் ஏசினான். மூன்றாம் தடவை முடிந்ததும் அவர் முகத்தில் இருந்த கடுப்பு குறைந்திருந்தது.

"ரொம்பத் தேஞ்சு போயிருக்கு. ஆனாலும் வார்த்தை தெரியறது. நல்ல வார்த்தைதான். 'பயப்படாதே. என்னைப் பார். உன் மூச்சு உன்கிட்டயே இருக்கு. வந்த விஷம் வந்த வழியே போகும். நீ இருப்பே.' அவ்வளவுதான்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இதுல ஏத்துறது எங்க இருக்கு, எறக்குறது எங்க இருக்கு?"

"ரெண்டும் இல்லை. கடிபட்டவன் பக்கத்துல ஒக்காந்து அவனண்ட சொல்ற பேச்சு இது. என்னைப் பார், நீ இருப்பேன்னு இருக்கே, பாம்பண்ட சொல்றதாவா இருக்கு?"

ராக்கப்பன் கரையேறினான். கும்பிட்டானா என்றுகூட நினைவில்லை. இந்த மனுஷன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. பெற்ற தாய் பிள்ளைக்குச் சொல்லுகிற சாதாரணச் சொல்லுக்கா கிரகணமும், கழுத்தளவுத் தண்ணீரும், வாயில் துண்டும்? சத்தான அர்த்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சக்கையை நம் கையில் கொடுத்துவிட்டான். மூன்று தடவை சொல்லச் சொன்னதே அதற்குத்தான்.

திரும்பும் வழியில் மதார் சாகிப் கேட்டார்: "போன காரியம் என்னாச்சு?"

"பறிகுடுத்துட்டு வாரேன்."

"அவரு களவாங்குற ஆளு இல்லீங்களே," என்றார் சாகிப். ராக்கப்பன் வாயில் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். இவர்கள் இரண்டு பேரும் கூட்டாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்து நாளாக ஆக, களவின் நினைப்பு பின்னால் போய் இன்னொன்று முன்னால் வந்தது. நினைக்கிறவனைக் காப்பாற்றும் என்றால், அத்தனை வருஷமும் நினைத்தது யார்? கடிபட்டவர்களா? அவர்கள் காதில் ஒரு சொல்கூட விழுந்ததில்லையே. நினைத்தவன் ராக்கப்பன் ஒருத்தன்தான். எத்தனையோ புதருக்குள் கையை விட்டிருக்கிறான், பாம்பைப் பிடித்துத் தூரப் போட்டிருக்கிறான், அவன்மேல் ஒரு பல் பட்டதில்லை. அப்படியானால் அது காப்பாற்றியது யாரை? இந்தக் கேள்வி வந்ததும் அவன் எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்வான். அய்யங்கார் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தான். உண்மையாக இருந்தால் அதைத் தாங்க அவனால் முடியாது.

மாசிக் கடைசியில் ஒரு காலை. பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. தவசிமுத்துவின் பெண்டாட்டி பரிபூரணம் புஞ்சையிலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"அண்ணே, அவியளப் பாம்பு கொத்திருச்சு. அவிய ஒங்களக் கூப்புடக்கூடாதுன்னு சத்தம் போடுதாக. நீங்க வாங்கண்ணே, நான் சொல்லுதேன்."

ராக்கப்பன் ஓடினான். ஓடும்போதே மனசு தன் புத்தியைக் காட்டியது. நிஜமாகவே கடிதானா? மந்திரத்தைக் கறப்பதற்கு நாடகமா? பூவரச மரத்தடியில் கிடந்தவனின் காலைப் பார்த்ததும் அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டான். இரண்டு பல் தடம், கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பருத்தி எடுக்க வந்த ஏழெட்டுப் பேர்.

கட்டுப் போட்டான். வேப்பங்குலையை வாங்கினான். கை தன்னால் துண்டை மூக்குக்கு இழுத்தது.

"நிறுத்துய்யா!" தவசிமுத்துவுக்கு நாக்குத் தடித்திருந்தது, ஆனால் குரல் எழும்பியது. "துண்டை எடு. சொல்றதைச் சத்தமாச் சொல்லு. இல்லன்னா என்னையத் தொடாத. எம்பிள்ளைய அனுப்புன மாதிரி என்னையும் அனுப்பலாம்னு பாக்காத."

"சத்தமாச் சொன்னா மந்திரம் செத்துப்போகும் தவசி. இது ஒன்னோட நிக்காது. பொறவு எவன் கடிபட்டாலும் எங்கிட்ட ஒண்ணும் இருக்காது."

"அப்போ போயிரு. நான் சந்தேகத்தோட சாகுறதுக்குச் சும்மாவே சாகுதேன்."

பரிபூரணம் அவன் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கூடி நின்றவர்கள் ராக்கப்பனையே பார்த்தார்கள். அத்தனையும் காது. அத்தனை காதும் திறந்து கிடந்தன. இருபத்தாறு வருஷம் பெண்டாட்டிக்குக்கூடக் காட்டாமல் காத்த பொருளை நடுப்புஞ்சையில் கொட்டச் சொல்லுகிறான் எதிராளி. அவனுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. கீழே கிடக்கிறவனைப் பார்த்தான். தவசிமுத்துவின் கண்ணில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் பயம். பெரிய மீசைக்காரன், வரப்பில் அரிவாளோடு நின்றவன், சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

ராக்கப்பன் துண்டை உருவிக் கீழே போட்டான். மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னான்.

"புரியல," என்றான் தவசிமுத்து. "அது என்ன பேச்சு? புரியுத மாதிரி சொல்லு."

ராக்கப்பன் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"பயப்படாத தவசி. என்னையப் பாரு. ஒன் மூச்சு ஒங்கிட்டத்தான் இருக்கு. வந்த வெசம் வந்த வழியே போயிரும். நீ இருப்ப. இப்போ நீ சொல்லு."

"நானா?"

"நீதான் சொல்லணும். மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லு. நினைக்கிறவனத்தான் காப்பாத்துமாம்."

தவசிமுத்து சொன்னான். முதலில் குழறினான். ராக்கப்பன் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தான். கண் சொருகும்போது கன்னத்தில் தட்டி, "என்னையப் பாருலே" என்றான். பரிபூரணமும் சேர்ந்து சொன்னாள். கூட்டத்தில் ஒருத்தர், இரண்டு பேர் என்று சேர்ந்துகொண்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறி, மரத்தின் நிழல் சுருங்கி, மறுபடி மறுபக்கம் நீள ஆரம்பித்தது. ராக்கப்பனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. விடவில்லை.

கடித்தது நல்ல பாம்பா, விரியனா, பல் மட்டும் பட்ட பொய்க்கடியா என்று ஊரில் அப்புறம் ரொம்ப நாள் வாய்ச்சண்டை நடந்தது. எதுவோ, பொழுது சாயும் நேரத்துக்குத் தவசிமுத்துவின் நடுக்கம் நின்றது. தண்ணீர் கேட்டான். குடித்தான். கொஞ்ச நேரம் கழித்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. மந்திரம் அவர்களோடு ஏழெட்டு வாயில் ஊருக்குள் நடந்து போனது. ராக்கப்பனுக்கு அது போவது தெரிந்தது. ஆச்சரியம், வலிக்கவில்லை.

தவசிமுத்து ராக்கப்பன் பக்கம் திரும்பினான். சந்தேகமெல்லாம் வடிந்து வெறிச்சென்று இருந்தது முகம்.

"ஏய்யா, இதைத்தான் அன்னைக்கு எம்பிள்ளைகிட்டயும் சொன்னியா?"

"இதேதான் தவசி. ஒரு சொல்லுகூடக் கொறையல."

பரிபூரணம் செம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளுக்குக் கேட்டுச்சா?" என்றான் தவசிமுத்து.

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டது என்றால் அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குக் கொஞ்சம் தூங்கியிருப்பார்கள். ராக்கப்பனுக்கு வாய் வரவில்லை.

"கேக்கல," என்றான். "கேட்டுறக்கூடாதுன்னு நான்தான் துண்டைப் போட்டு மூடிக்கிட்டேன்."